அப்பா தட்டிப் பார்த்த கதவு

விமானத்துக்குள் கால் வைக்கிற இடத்தில் அப்பா நின்றுவிட்டார். பின்னால் நாற்பது ஐம்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர் பாட்டுக்குத் திறந்து கிடந்த கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, காதைக் கொஞ்சம் சாய்த்தார். மரக்கடையில் தேக்கைத் தட்டிப் பார்ப்பாரே, அதே தட்டு. வாசலில் நின்ற பணிப்பெண் சிரித்துவிட்டார். "உள்ளே வெறும் கூடுதாம்ப்பா, மேலே தகடு" என்றேன். "அது தெரியுது" என்றவர், "இது கீலா, குடுமியா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். கீல் என்றால் இரும்புப் பட்டையில் தொங்கும் கதவு. குடுமி என்றால் மேலும் கீழும் நீட்டிய முளை நிலையின் குழியில் சுழலும் பழைய காலத்துக் கதவு.

அப்பா தச்சர். வயது 76. பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் நிலை, கதவு, தூண் என்று ஐம்பது வருடத்துக்கு மேல் இழைப்புளி பிடித்தவர். பழைய வீட்டைப் பிரித்துக் கதவுகளைப் பழம்பொருள் கடைக்கு விற்கிற வேலைக்கு மட்டும் யார் கூப்பிட்டாலும் போகமாட்டார். நான் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. செட்டிநாட்டில் கால்நடைப் பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. சின்ன வயதில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய், விமானமே வராத தளத்தில் நாங்களே விமானமாக ஓடுவோம். அந்தக் கிறுக்கு கடைசியில் என்னை விமானப் பராமரிப்பில் கொண்டுபோய்விட்டது. சென்னையில் 9 வருடம், வளைகுடாவில் 19 வருடம் லைனில், அதாவது விமானம் வந்து நின்று கிளம்புகிற இடத்திலேயே அதைச் சரிபார்க்கும் டெக்னீசியனாக இருந்துவிட்டு, இப்போது ஊரோடு இருக்கிறேன்.

போன வருடம் துபாயில் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். திருச்சியிலிருந்தே போயிருக்கலாம், பக்கம்தான். ஆனால் அங்கிருந்து போவதெல்லாம் பெரும்பாலும் நடுவில் ஒரே நடைபாதை உள்ள சின்ன விமானங்கள். "நீ பார்த்த பெரிசு எது, அதுல போவோம்" என்றார் அப்பா. சரி என்று பல்லவனைப் பிடித்துச் சென்னை போய், இரவு விமானத்துக்கு டிக்கெட் போட்டேன். போயிங் 777-300இஆர். என் வாழ்க்கையில் பாதியை அதன் வயிற்றுக்கு அடியில்தான் கழித்திருக்கிறேன்.

பெட்டி கட்டும்போதே சண்டை தொடங்கிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு என்று அம்மா ஒரு கடையையே கட்டி வைத்திருந்தார்: தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, கவுனி அரிசி, இரண்டு லிட்டர் செக்கு எண்ணெய், கொப்பரைத் தேங்காய், பேரனுக்குச் சுற்றிப் போடச் சூடம் ஒரு டப்பா. சூடத்தையும் கொப்பரையையும் எடுத்து வெளியே வைத்தேன். அம்மாவுக்குக் கோபம். சூடம் எரியும் பொருள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கொப்பரைதான் ஆளை ஏமாற்றும். அதில் இருக்கிற எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெதுவாகச் சூடேறும், மூட்டையாக அடைத்து வைத்தால் தானே பற்றிக்கொள்ளவும் செய்யும். சரக்கு அனுப்பும் விதிகளில் அது எரியும் பொருள் பட்டியலில்தான் இருக்கிறது. எத்தனையோ பேர் விமான நிலையத்தில் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இதற்காக மல்லுக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பவர் பேங்க் விஷயம் இதற்கு நேர் மாறு. அதைக் கீழே போகிற பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். அப்பாவுக்கு இது புரியவில்லை. ஆபத்தான பொருளை மனிதர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்வதா? சொன்னேன். கீழே சரக்கு அறையில் தீப்பிடித்தால் புகை உணர்கருவி விமானிக்குச் சொல்லும், ஹாலான் என்ற வாயுவை அங்கே பாய்ச்சுவார்கள், சாதாரணத் தீ அதில் அடங்கிவிடும். லித்தியம் பேட்டரி அப்படி இல்லை. ஒரு செல் வெடித்த சூட்டில் அடுத்த செல், அதிலிருந்து அடுத்தது என்று உள்ளுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும், வாயு அதைக் குளிர்விக்காது. மேலே கேபினில் என்றால் புகை வந்ததுமே யாராவது பார்த்துவிடுவார்கள். சிப்பந்திகள் கை அணைப்பானால் சுவாலையை அடக்கிவிட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சூட்டைத் தணிப்பார்கள். 100 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சார அளவு) வரை பொதுவாக அனுமதி உண்டு. மேலே 27,000 மில்லி ஆம்பியர் என்று அச்சடித்திருந்தால் ஏறக்குறைய அந்த எல்லை. இருக்கைக்குள் போன் விழுந்துவிட்டால் நாற்காலியைச் சாய்த்தோ நிமிர்த்தியோ நீங்களே தேடாதீர்கள். நசுங்கினால் அதுவும் தீதான். பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள், எடுத்துத் தருவார்.

இவ்வளவு நியாயம் பேசிய நான் அன்றைக்கு ஒரு மடத்தனம் செய்தேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மொத்தம் எத்தனை வாசல்?" பத்து. பக்கத்துக்கு ஐந்து. நீளம் 73.9 மீட்டர். "நம்ம ஊர் வீடுதான், இந்தத் தெருவில் நுழைந்து அந்தத் தெருவில் வெளியேறலாம்" என்றேன். அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக, முன்வாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரிகிற மாதிரி எல்லா நிலையும் ஒரே கோட்டில் இருக்குமே, விமானமும் அப்படித்தான் கட்டாக வகுக்கப்பட்டிருக்கிறது. முதல் கட்டில் காசுள்ளவர்கள், பின் கட்டுகளில் நாம். ஒவ்வொரு கட்டு முடிகிற இடத்திலும் இரண்டு பக்கமும் கதவு. சமையல் மேடையும் கழிப்பறையும் பெரும்பாலும் அந்தக் கதவுகளை ஒட்டியே வரும். கதவுக்கு முன்னால் எப்படியும் இருக்கை போட முடியாது, ஆட்கள் நகர இடம் விட்டாக வேண்டும். பணிப்பெண்கள் உட்காரும் மடக்கு நாற்காலிகளும் அங்கேதான். தின்பண்டம் கொடுக்க அவர்கள் அங்கே இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தக் கதவுக்குப் பொறுப்பாளி என்பதால்தான் அங்கே உட்காருகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத அறைகளும் உண்டு. வால் பக்கம் உத்தரத்துக்கு மேலே, பரண் மாதிரி, பணிப்பெண்கள் படுத்துத் தூங்கும் அறை. காலுக்குக் கீழே முன்னும் பின்னும் சரக்கு அறைகள், மூக்கை ஒட்டி மின்னணுப் பெட்டிகள் அடுக்கிய நிலவறை. எரிபொருள் எண்ணெய், இறக்கைகளுக்குள்ளும் நடு வயிற்றிலும். ஆட்டம் பயம் என்பவர்கள் இறக்கைக்கு நேரே இடம் கேளுங்கள், வாலில்தான் ஆட்டம் அதிகம். கழிப்பறைக் கதவில் சிகரெட் சாம்பல் கிண்ணம் இருந்ததை அப்பா கண்டுபிடித்துவிட்டு வந்து, "பிடிக்கக் கூடாதுன்னு எழுதிப்பிட்டுக் கிண்ணம் எதுக்கு?" என்றார். கள்ளத்தனமாகப் பிடிக்கிறவன் துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடக் கூடாதே என்பதற்காகத்தான். 1973-இல் பாரிஸ் அருகே கழிப்பறையில் பிடித்த தீயால் 123 பேர் இறந்தார்கள். இன்று அந்தத் தொட்டிக்கு மேலேயே சூட்டில் தானாகத் திறந்துகொள்ளும் குட்டி அணைப்பான் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதன் அழுத்த முள்ளைக் குனிந்து குனிந்து பார்த்தே எனக்கு முதுகு போனது.

கதவுக்கு வருகிறேன். கீலா குடுமியா என்ற கேள்விக்கு என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. 777 கதவின் ஓரம் நெடுக உலோகப் பற்கள் இருக்கும். நிலையிலும் அதே மாதிரி. கதவை நிலைக்குள் கொண்டுவந்து கீழே இறக்கும்போது கதவின் பல், நிலையின் பல்லுக்கு உள்பக்கமாகப் போய் உட்கார்ந்துவிடும். மேலே பறக்கும்போது உள்காற்று கதவை வெளியே தள்ளும், தள்ளத் தள்ள அது நிலையோடு இறுகும். திறக்க வேண்டுமானால் முதலில் முழுக்கதவையும் மேலே தூக்கியாக வேண்டும். "குடுமிக் கதவைக் கழட்டுற மாதிரி" என்றார் அப்பா. ஆமாம், அதேதான். 28 வருடம் இதை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக எனக்கு வந்ததில்லை.

உயரத்தில் அந்தக் காற்றின் தள்ளு சதுர மீட்டருக்கு 6 டன் அளவில் இருக்கும். கதவு ஏறக்குறைய இரண்டு சதுர மீட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆகாயத்தில் எவனோ கதவைத் திறக்கப் போனான் என்று செய்தி வரும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் எனக்குப் பத்துப் பேர் அனுப்புவார்கள். உச்சியில் பறக்கும்போது மனிதக் கையால் அது நடக்காது. ஆனால் தரையிலும், தரையிறங்கப் போகிற கடைசி நிமிடங்களிலும் அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். அப்போது கைப்பிடியில் பை மாட்டுவது, சாய்ந்து நிற்பது எல்லாம் விளையாட்டு இல்லை.

ஏனென்றால் கதவின் அடிவயிற்றில் புடைப்பாகத் தெரிகிறதே, அதற்குள், அவசரத்தில் பயணிகள் வழுக்கி இறங்குவதற்கான சறுக்குத் தளம் மடித்து வைத்திருக்கிறது. கிளம்பும் முன் பணிப்பெண் ஒரு நெம்புகோலை நகர்த்துவார். அந்த நிமிடத்திலிருந்து உள்ளேயிருந்து கதவைத் திறந்தால் சறுக்கு தானாக வெளியே பாய்ந்து, சுமார் 6 விநாடியில் ஊதி நிற்கும். வெளியேயிருந்து திறந்தால் அந்த இணைப்பு தானே கழன்றுகொள்ளும். அதனால்தான் நாங்கள் வெளியே நின்று தைரியமாகத் திறப்போம். ஒரு தடவை, எந்த ஊர் எந்த நிறுவனம் என்பது வேண்டாம், விமானம் வந்து நின்று பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கதவில் நெம்புகோலை விடுவிக்க மறந்துவிட்டார்கள். சாப்பாட்டு வண்டிக்காக உள்ளேயிருந்து யாரோ கைப்பிடியைத் தூக்கினார்கள். நான் கீழே சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம், தலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு மலைப்பாம்பு துள்ளி வந்து தரையில் விழுந்தது. நான் நின்ற இடத்துக்கும் அதற்கும் மூன்று எட்டுதான் இடைவெளி. வாசல் தரையிலிருந்து 5 மீட்டர் உயரம். வண்டி இன்னும் ஒட்டவில்லை என்பதால் யாருக்கும் அடியில்லை. சறுக்கை மாற்றி விமானத்தை அனுப்ப ஆறு மணி நேரம் ஆனது. அன்றைக்கிலிருந்து கதவுப் பக்கம் போனால் கண்ணாடி வழியே உள்ளே இருக்கிறவரைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டாமல் நான் நகர்வதில்லை.

பாதுகாப்புச் செய்முறை விளக்கம் தொடங்கியது. சுற்றிலும் எல்லோரும் போனில். அப்பா மட்டும் கோயிலில் புராணம் கேட்கிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எழுந்து நின்று இருக்கைத் தலைகளை எண்ணினார். முன்பக்கக் கதவுக்கு ஒன்பது வரிசை, பின்னால் ஆறு. இதை நான்தான் முந்தின நாள் சொல்லிக்கொடுத்திருந்தேன். புகை வந்தால் மேலே இருக்கும் பச்சை விளக்கும் 'வெளியே' என்ற எழுத்தும் முதலில் மறைந்துபோகும், புகை மேலிருந்துதான் கீழே இறங்கும். குனிந்து, கையால் இருக்கைகளைத் தடவி எண்ணிக்கொண்டே போவதுதான் வழி. தரையோரம் வெளிர்நிறப் பட்டை ஒன்று ஓடும், சில விமானங்களில் சிறு விளக்குகளாகவே இருக்கும். 1983-இல் கனடா விமானம் ஒன்றில் தீப்பிடித்து, தரையிறங்கிய பிறகும் 23 பேர் வெளியே வர முடியாமல் புகையில் இறந்த பிறகு வந்த ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. அந்தப் பட்டைக்கு மின்சாரம் வேண்டாம். காலையில் முதல் பயணத்துக்கு முன் கேபின் விளக்கு முழுவதையும் போட்டு வைத்தால் வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டு இருட்டில் ஒளிரும். 'ஆளில்லா விமானத்தில் ஏன் லைட் எரியுது' என்று புதிதாக வந்த மேலாளர் ஒருவர் அணைத்துவிட்டுப் போன கதையும் எங்களிடம் உண்டு.

பெல்ட்டை அப்பா நாலு தடவை போட்டுக் கழற்றிப் பார்த்தார். நல்லது. கார் பெல்ட்டில் பொத்தானை அமுக்கிப் பழகியவர்கள் பதற்றத்தில் இங்கேயும் பக்கவாட்டில் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். இது மேல் மூடியைத் தூக்க வேண்டிய பெல்ட். கிளம்பும்போதும் இறங்கும்போதும் செருப்பைக் கழற்றாதீர்கள் என்பது இன்னொன்று. வெளியே ஓட வேண்டி வந்தால் கீழே கண்ணாடியோ சூடான உலோகமோ, என்ன கிடக்கும் என்று சொல்ல முடியாது.

உயிர் காக்கும் உடுப்பைப் பற்றி அம்மா கவலைப்பட்டார், "அதை இப்பவே போட்டுக்கிட்டா என்ன?" என்று. போட்டுக்கொள்வதுகூடப் பெரிய தப்பில்லை, உள்ளே வைத்து ஊதுவதுதான் தப்பு. 1996-இல் எத்தியோப்பிய விமானம் கொமோரோஸ் தீவுக் கரையோரம் கடலில் இறங்கியபோது, உள்ளேயே ஊதிக்கொண்ட பலர் தண்ணீர் ஏறியதும் கூரையோடு மிதந்துபோய் ஒட்டிக்கொண்டார்கள், மூழ்கிக் கதவு வழியே வர முடியவில்லை. வாசலைத் தாண்டும்போதுதான் கயிற்றை இழுக்க வேண்டும்.

"பிராணவாயு முகமூடி விழுந்தா முதல்ல உங்கப்பாவுக்கு மாட்டிவிடு" என்றார் அம்மா அடுத்து. மாட்டமாட்டேன் என்றேன். முகம் வாடிவிட்டது. 35,000 அடியில் காற்று போய்விட்டால் தெளிவாக யோசித்துக் காரியம் செய்ய ஒருவருக்கு 30 முதல் 60 விநாடி கிடைக்கும். அதற்குள் என் மூக்கில் மாட்டவில்லை என்றால் அடுத்தவர் முகம் எது, முழங்கால் எது என்றே எனக்குத் தெரியாது. வலி இருக்காது, மூச்சுத் திணறாது, சிரிப்புக்கூட வரும். அதுதான் பயங்கரம். முகமூடி விழுந்தால் மட்டும் போதாது, இழுக்க வேண்டும். இழுத்தால்தான் மேலே பெட்டியில் இருக்கும் ரசாயனக் குப்பி பற்றும். சோடியம் குளோரேட் சூடாகிப் பிராணவாயுவை விடும். கருகிய வாடை வரும், பயப்பட வேண்டாம். பை உப்பாவிட்டாலும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும். விமானத்தைப் பொறுத்து 12 முதல் 22 நிமிடம் வரை ஓடும். அதற்குள் விமானி மூச்சுவிடத் தகுந்த 10,000 அடிக்கு இறக்கிவிடுவார். புதிய சில விமானங்களில் குப்பிக்குப் பதிலாகச் சிறிய வாயு உருளைகள்.

அப்போது இதையெல்லாம் பாடமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அரபிக் கடலுக்கு மேலே போன பிறகு அம்மா கழிப்பறைக்கு எழுந்தார். பின்பக்கம் சமையல் மேடை அருகே போனவர், திரையைப் பிடித்தபடி அப்படியே சரிந்துவிட்டார்.

ஓடிப் போய்ப் பார்த்தபோது பணிப்பெண்கள் அதற்குள் தரையில் படுக்க வைத்து, கால்களைத் தூக்கி ஒரு பெட்டியின் மேல் வைத்திருந்தார்கள். ஒருவர் தலைக்கு மேலே இருந்த அலமாரியிலிருந்து கைப் பிராணவாயு உருளையை எடுத்தார். அந்த உருளையை நான் என் கையால் ஆயிரம் தடவை சரிபார்த்திருப்பேன்: முள் பச்சையில் இருக்கிறதா, முகமூடி மாட்டியிருக்கிறதா, கட்டும் பட்டை இறுக்கமா. 310 லிட்டர். நிமிடத்துக்கு 4 லிட்டர் விட்டால் 77 நிமிடம், 2 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம். இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அதை ஒருவர் மூக்கில், அதுவும் என் அம்மா மூக்கில், அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கை நடுங்கியது. நடுங்காமல் நின்றது 25 வயதுகூட இருக்காத அந்தப் பெண்தான்.

ஒலிபெருக்கியில் கேட்டார்கள், பயணிகளில் டாக்டர் ஒருவர் வந்தார். மருத்துவப் பெட்டியின் முத்திரையை உடைத்துக் கொடுத்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார், ரொம்பக் கீழே இருந்தது. "என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எங்கே?" என்றார். அங்கேதான் என் மடத்தனம். அம்மாவின் மாத்திரைகள், டாக்டர் சீட்டு எல்லாம் கீழே சரக்கு அறையில் இருந்த பெட்டியில், மாவுருண்டை டப்பாவுக்குப் பக்கத்தில். இருபத்தெட்டு வருடம் விமானத்திலேயே கிடந்தவன், கைப்பை கனக்குமே என்று அதை எடுத்து உள்ளே வைத்திருந்தேன். பெயர்கூட முழுசாக நினைவில்லை, 'வெள்ளையாக, சின்னதாக' என்று உளறினேன். அப்பாதான் சட்டைப் பையிலிருந்து கிழிந்த அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். காலையில் ரயிலில் கொடுத்த மாத்திரையின் காலி அட்டையைக் குப்பையில் போடாமல் வைத்திருந்திருக்கிறார்.

டாக்டர் விளக்கியது இது. விமானம் 35,000 அடியில் போனாலும் கேபினுக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி மலை மேல் இருக்கிற மாதிரிதான் வைத்திருப்பார்கள். கொடைக்கானலைவிடக் கொஞ்சம் உயரம். வீட்டில் விரலில் மாட்டினால் 97, 98 காட்டும் கருவி அங்கே நல்ல உடம்புக்கே 90, 93 என்று காட்டும். அம்மா காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, கழிப்பறைக்கு அடிக்கடி போக வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை, மாத்திரை மட்டும் போட்டிருக்கிறார், அப்புறம் வெகு நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்திருக்கிறார். துபாயில் பரிசோதித்தபோது ரத்தமும் குறைவு என்று தெரிந்தது. வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் ஒரு வாரம் முன்னால் டாக்டரிடம் காட்டி, ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். தொடர்ந்து பிராணவாயு தேவைப்படுகிற நோயாளி என்றால் முன்கூட்டியே நிறுவனத்துக்குச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். உள்ளே இருக்கிற உருளைகள் அவசரத்துக்கு மட்டும்தான். மாத்திரையும் சீட்டும் உங்கள் மடியில் இருக்கட்டும்.

அரை மணி நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

துபாயில் தங்கை வீட்டு பால்கனியில் உட்கார்ந்து அப்பா மிச்சக் கேள்விகளைக் கேட்டார். ஒவ்வொரு கிலோவுக்கும் கவுண்டரில் ஏன் அப்படி அழுதார்கள் என்பது ஒன்று. காசுக்காகத்தான் பெரும்பாலும். ஆனால் எடை என்பது உண்மையிலேயே எல்லை. இந்த விமானம் அதிகபட்சம் 351.5 டன்னோடு மேலே எழும்பலாம், ஆனால் 251 டன்னுக்கு மேல் கனத்தோடு இறங்கக் கூடாது. நூறு டன் வித்தியாசம். தூரப் பயணத்தில் அது எண்ணெயாக எரிந்து தீர்ந்துவிடும், மணிக்கு 7, 8 டன். கிளம்பியவுடன் திரும்பி வர வேண்டிவந்தால் எண்ணெயை வானிலேயே கொட்டிக் கனத்தைக் குறைப்பார்கள். அதற்கும் நேரமில்லை என்றால் கனத்தோடு இறக்கத்தான் வேண்டும், விமானம் உடைந்துவிடாது. அப்புறம் எங்கள் பாடு. டார்ச்சை எடுத்துக்கொண்டு சக்கரத்தைத் தாங்கும் கால்கள், சக்கர அறை, எஞ்சின் தாங்கிகள், இறக்கை அடிவயிறு என்று எங்கே தகடு சுருங்கியிருக்கிறது, எங்கே எண்ணெய் கசிகிறது என்று விடிய விடியத் தேடியிருக்கிறேன்.

வளைகுடாக் கோடையில் மதியம் 48 டிகிரி அடிக்கும்போது கணக்கு இன்னும் மாறும். சூட்டில் காற்று மெலிந்துவிடும், இறக்கைக்கும் எஞ்சினுக்கும் பிடிமானம் குறையும், அதே ஓடுதளத்தில் அதே கனத்தைத் தூக்க முடியாது. அப்போது சரக்கை இறக்குவார்கள், சில சமயம் பெட்டிகளையும். 'என் பெட்டி மறுநாள் வந்தது' என்று திட்டுகிறவர்களில் சிலருடைய பெட்டியை நானே நின்று இறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இப்படி எல்லைகள் நிறைய: 43,100 அடிக்கு மேல் போகக் கூடாது, 20,000 அடிக்கு மேலே இறக்கை மடல்களை நீட்டக் கூடாது, பின்னாலிருந்து அடிக்கும் காற்று இத்தனை வேகத்துக்கு மேல் என்றால் இறங்கக் கூடாது. 'பைலட் பயந்துட்டான், இறங்காம மேலே தூக்கிட்டான்' என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எல்லை தாண்டிவிட்டது என்று தெரிந்து மேலே தூக்குகிறவரை நம்பித்தான் நான் என் பெற்றோரை ஏற்றினேன்.

"எல்லைன்னா, அதுக்கு அப்பறம் ஒடிஞ்சிருமா?" என்றார் அப்பா. விட்டம் போடுகிறவர் கேட்கிற கேள்வி. பறக்கும்போது வரக்கூடிய மோசமான பாரம் எது என்று கணக்கிட்டு, அதைப்போல ஒன்றரை மடங்கைத் தாங்கினால்தான் சான்றிதழ். 1995 ஜனவரியில் 777-இன் இறக்கையை ஒரு கொட்டகையில் கட்டி, ஒடிகிற வரை மேலே இழுத்துப் பார்த்தார்கள். நுனி 7 மீட்டருக்கு மேல் வளைந்தது. 154 சதவீதத்தில் ஒடிந்தது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாலு சதம்தான் அதிகமா வச்சிருக்கான்" என்றார். "நான் ஒன்றரைக்கு மேல ரெண்டு கூட வைப்பேன், தேக்கு இருந்தா." அவ்வளவு வைத்தால் கனம் கூடி அது பறக்காது என்றேன். அதற்கு அவர், வீடு பறக்க வேண்டியதில்லையே என்றார்.

டோக்கியோவில் 2024 ஜனவரி 2-ஆம் தேதி நடந்ததைத் தங்கை வீட்டுக்காரர் யூடியூபில் போட்டுக் காட்டினார். ஓடுதளத்தில் வேறு விமானத்தோடு மோதித் தீப்பிடித்த ஏர்பஸ் ஏ350. உள்ளே 379 பேர். எட்டுக் கதவில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது, ஆனாலும் ஒருவர் விடாமல் உயிரோடு வெளியே வந்தார்கள். கையில் பெட்டி வைத்திருந்தவர் யாரும் கண்ணில் படவில்லை. பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்றிக் காட்ட வேண்டும் என்பது விமானம் சான்றிதழ் வாங்கும்போது உள்ள விதி. ஏர்பஸ் ஏ380-ஐ 2006-இல் சோதித்தபோது 873 பேர் 78 விநாடியில் இறங்கினார்கள். அவர்கள் யாரும் மேலே இருந்து பெட்டியை உருவிக்கொண்டு நிற்கவில்லை. அம்மா மட்டும், "அப்ப தங்கச் சங்கிலி பையில இருந்தா?" என்று கேட்டார். கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் இருக்கும். காரைக்குடியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், பெரிய மண்டபம், எண்ணூறு பேராவது இருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் அப்பாவைக் காணோம். சாப்பாட்டுக் கூடத்தில் தேடிப் பிடித்தேன். பின்வாசல் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நல்ல பழைய தேக்குக் கதவு, அதில் பூட்டு. முன்னால் அரிசி மூட்டைகளும் இரண்டு காஸ் சிலிண்டரும். அடுப்பு பத்தடி தள்ளி எரிகிறது. மண்டபத்து ஆளைக் கூப்பிட்டுச் சாவி கேட்டார். "திறந்து வச்சா நாய் வந்துரும்ங்கய்யா" என்றார் அவர். "நாயை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி, இரண்டு பையன்களைப் பிடித்து மூட்டையையும் சிலிண்டரையும் நகர்த்தவைத்து, பூட்டைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தாலி கட்டும்போது மட்டும் எழுந்து வந்து அட்சதை போட்டார். மூன்றாவது பந்தியில்தான் சாப்பிட உட்கார்ந்தார், அப்போதும் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.